தேர் போகும் பாதையில் ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்புவது

திருவிழாவுக்கு நாள் குறித்ததும் பசங்க ஓடிவந்து முதலில் கேட்பது, "அண்ணே, இந்த வருசம் எத்தன பொக்ஸ்?" என்பதுதான். பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத்தான் பொக்ஸ் என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "போயா என்னைக்கு? நோன்பு என்னைக்கு முடியுது?" போயா என்றால் பௌத்தர்களின் பௌர்ணமி நாள்.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு 26 வருடமாக மைக்செட் கட்டுகிறேன். வெசாக் பண்டிகையில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலுக்கும் மாதா கோயில் திருநாளுக்கும் இதே அம்ப்ளிஃபயரைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். அடுத்த வருடத்திலிருந்து இந்த வேலை தம்பிமார் கைக்குப் போகிறது. வயர் இழுக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் சாமி ஊர்வலம் அடுத்தவர் மனசை நோகடிக்காமல் போய்த் திரும்ப என்னென்ன பார்க்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டங்களில் தேர் இழுக்கிறவர்களுக்கும் பயன்படட்டும்.

நாள் குறிக்கும்போது

நம் தோட்டத் திருவிழாக்கள் பெரும்பாலும் மாசியிலிருந்து சித்திரைக்குள் வருகின்றன. மற்றவர்களுக்கும் முக்கியமான நாட்கள் நிறைந்த மாதங்கள் இவை. சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை யாத்திரை நடக்கும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களும் வேன்களும் சனி, ஞாயிறு இரவுகளில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில் உச்சியில் நிற்கவேண்டும் என்று குழந்தைகுட்டிகளோடு வருகிறவர்கள். அவர்களை நம் தேருக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தால் அவர்களுடைய வழிபாட்டைத்தான் நாம் மறிக்கிறோம். அங்கே இருக்கும் பாதத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்பார்கள், நாம் சிவனுடையது என்போம், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமைச் சொல்வார்கள். அத்தனை பேரும் ஒரே படியில் ஏறுகிறார்கள். அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருக்கிற நாம் வழி விடாவிட்டால் அது பெரிய குறை. ஆகவே பெரிய ரோட்டில் தேர் போகும் இரவை வார நாளில் வையுங்கள். முடியாவிட்டால் ரோட்டில் ஒரு பக்கத்தைக் கட்டாயம் திறந்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் டோர்ச் லைட்டோடு ஆள் நிறுத்துங்கள்.

நோன்பு பிறையைப் பார்த்து வருவதால் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகரும். சில வருடங்களாக அது நம் மாசி, பங்குனியில்தான் விழுகிறது. பெரிய வெள்ளியும் பங்குனி, சித்திரையை ஒட்டியே வரும். பௌர்ணமியில் தேர் வைக்கிற கோயில்கள் நிறைய உண்டு; அன்றைக்குத்தான் போயாவும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் வெள்ளை உடுத்து சில் எடுக்கிறவர்கள், அதாவது விரதம் இருக்கிற பௌத்தர்கள், காலையிலிருந்து பன்சலையில் (விகாரையில்) இருப்பார்கள், சாயந்திரம்தான் வீடு திரும்புவார்கள் என்பது நினைவிருக்கவேண்டும். பிள்ளைகளின் பரீட்சை நாட்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் அதற்கென்றே ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன்.

நேரில் போய்ச் சொல்வது

இதுதான் இந்த வேலையின் உயிர். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்புச் செய்த பிறகு.

2003ஆம் வருடம். சந்தியைத் தாண்டித் தேர் வருகிறது. நான்தான் லொறியில் உட்கார்ந்து பாட்டுப் போட்டேன். ரோட்டோரத்தில் ஒரு சிங்கள வீட்டுக்கு முன்னால் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. அந்த வீட்டில் சாவு என்று தெரியும். ஆறு நாள் ஆகிவிட்டதே, எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். சத்தத்தைக் குறைக்கவில்லை. பசங்க அந்த வாசலிலேயே நின்று அரை மணி நேரம் ஆடினார்கள். வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில் அந்த வீட்டு ஆச்சியைக் கண்டேன். எந்தத் திருவிழாவிலும் நம் தேருக்கு ஒரு தட்டுப் பூ எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர். என்னைக் கண்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவருடைய மகனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு அந்த வீட்டில் ஏழாம் நாள் தானத்துக்கு முந்தைய பண, அதாவது பிக்குவின் பிரசங்கம். பிக்கு வந்து உட்கார்ந்து, செத்துப்போன புருசனுக்காக ஓதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. மறுநாளே போய்க் காலில் விழுந்தேன். ஆச்சி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "சாமி மேல எனக்குக் கோவமில்ல புதே (மகனே). முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பணவ நாங்க நாலு மணிக்கே வெச்சிருப்பமே."

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் தேருக்கு ஒரு வாரம் முன்னால் முழுப் பாதையையும் நடந்தே போகிறேன். வாகனத்தில் போனால் வீடுகள் கண்ணில் படாது. ரோட்டோர வீடு ஒவ்வொன்றிலும் நின்று நாளையும் நேரத்தையும் சொல்வேன். நோயாளி இருக்கிறாரா, பச்சைப்பிள்ளை இருக்கிறதா, துக்கம் நடந்த வீடா என்று கேட்பேன். தேருக்கு முதல் நாள் சாயந்திரம் இன்னொரு முறை நடக்கவேண்டும், ஏனென்றால் ஒரு வாரத்தில் எதுவும் நடந்துவிடலாம்.

பன்சலைக்குப் போனால் வெற்றிலை அடுக்கோடு போங்கள். செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, ஹாமுதுருவை (பிக்குவை) விடத் தாழ்ந்த இடத்தில் உட்காருங்கள். பத்தரை மணிக்குப் பிறகு போகாதீர்கள், அது தானம் வாங்கும் நேரம். பள்ளிவாசலுக்குப் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு போனால் நிர்வாகத்தில் ஒருவரையாவது காணலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வேண்டாம். நமக்கு டவுனில் பழகிய நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு சுலபம். தோட்டத்துச் சேர்ச்சுக்கு ஃபாதர் எப்போதோ ஒரு நாள்தான் வருவார், அதனால் உபதேசியாரிடம் சொல்லுங்கள்.

என்ன சொல்வது என்பதும் முக்கியம். "நாங்க வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வாறோம்" என்று அறிவித்துவிட்டுத் திரும்பாதீர்கள். "வெள்ளிக்கிழமை வரலாம்னு இருக்கோம், எந்த நேரம் ஒங்களுக்கு எடைஞ்சலா இருக்கும்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டதில் எனக்கு இதுவரை ஒருவரும் "வராதே" என்று சொன்னதில்லை. அந்திநேர மஃரிப் பாங்குக்கு முன்னால் பள்ளிவாசலைத் தாண்டிவிடு என்பார்கள், இல்லாவிட்டால் நோன்புக் கால இரவில் தொழுகிற தராவீஹ் முடிந்து வா என்பார்கள். இரண்டுமே நம்மால் முடியும்.

ஜெபவீட்டுப் பாஸ்டரிடம் போக மட்டும் பல வருடம் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கூட்டத்தில் மைக் வைத்து நம் சாமியைக் கல் என்று சொன்னது நம் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கேட்டது. நம் பசங்களோ அதற்குப் பதிலாக ஒரு ஹோன் ஸ்பீக்கரை அந்தக் கூரையைப் பார்த்துக் கட்டினார்கள். அதை நான் ஏறிக் கழற்றினேன். பசங்க என்னோடு பேசாமலிருந்தார்கள். பிறகு ஒரு நாள் போய் அவரோடு தேத்தண்ணி குடித்தேன். "பாஸ்டர், நீங்க நம்புறத நீங்க சொல்லுங்க, அது ஒங்க உரிமை. அது மண்டபத்துக்குள்ள இருக்கட்டும். எங்க தாய்மார் சாமி விளக்கு ஏத்துற நேரத்துல அவங்க காதுல போடாதீங்க" என்றேன். அவரும் அவர் பக்கத்தில் இருந்த வருத்தங்களைச் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு கிழவியின் இறுதி ஜெபத்தின்போது நம் ஆட்கள் தப்பு மேளம் அடித்திருக்கிறார்கள். இப்போது அவருடைய ஸ்பீக்கர் உள்ளே, நம்முடையது மலைப்பக்கம்.

ஹோன், பொக்ஸ், பள்ளத்தாக்கு

சமவெளியில் மைக்செட் கட்டுகிறவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியவேண்டும். நம் கோயில் ஒரு சரிவில், எதிர்ச் சரிவில் தோட்டத்தின் இன்னொரு பிரிவான வேறொரு டிவிஷன், நடுவில் பள்ளம். தடுக்க மரமோ சுவரோ கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது கணக்கு. ஆனால் குளிர்ந்த இரவில் பள்ளத்தின் காற்று கீழே குளிராகவும் மேலே சற்றுச் சூடாகவும் இருக்கும். அப்போது மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். பகலில் எதிர் மலைக்குக் கேட்காத பாட்டு இரவு பத்து மணிக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்பது இதனால்தான். விடிய மலைக்குப் போகவேண்டிய கொழுந்து எடுக்கும் பெண்கள் அந்த லயங்களில்தான் படுத்திருக்கிறார்கள்.

அதனால் ஹோனைப் பள்ளத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பார்த்து, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கட்டுங்கள். ஹோன் சத்தத்தை ஒரு பக்கமாகத் தள்ளும், அதனால் திருப்பியதன் பலன் உடனே தெரியும். பொக்ஸ் அப்படி இல்லை. அதன் பேஸ் எல்லாப் பக்கமும் போகும், சுவரைத் தாண்டும், லயத்துத் தகரத்தை அதிரவைக்கும். பேஸைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

பெரிய அம்ப்ளிஃபயர் வேண்டும் என்று காசு சேர்க்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான்; காதுக்கு அது சின்ன வித்தியாசம். அதற்குப் பதிலாகச் சின்ன ஸ்பீக்கர் நாலைந்தை வாங்கி, ஆட்கள் நிற்கிற இடத்திலேயே தாழ்வாக வையுங்கள். முன்னால் நிற்கிற பாட்டிக்கும் தெளிவாகக் கேட்கும், எதிர் மலைக்கும் போகாது. கட்டி முடித்ததும் பாட்டை ஓடவிட்டு, ஒருவர் எதிர் டிவிஷனுக்கு நடந்துபோய் அங்கிருந்து போன் போடவேண்டும். நான் ஒவ்வொரு வருடமும் நானே போவேன்.

பொலிஸ் அனுமதி எடுக்காமல் ஒலிபெருக்கி போடக்கூடாது. 2007 நவம்பரில் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கிடையாது. வழக்கு பள்ளிவாசலுடையது என்றாலும் சட்டம் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான். விடியற்காலை நாலரைக்கு அம்மன் பாட்டுப் போடுவது நம் வழக்கமாக இருந்தது. அதை நிறுத்தியபோது கோயிலில் பெரியவர்களுக்குக் கோபம். இப்போது ஆறு மணிக்கு மணியடித்துத் தொடங்குகிறோம். நான் இரண்டு வாரம் முன்பே பாதையையும் நேரத்தையும் எழுதிப் பொலிஸில் கொடுத்துவிடுவேன்.

கடந்துபோகும்போது

மற்ற மதத்து இடத்தைத் தாண்டும்போது என் அளவு லைட் கம்பம்தான். இரண்டு கம்பத்துக்கு முன்னால் பாட்டு நிற்கும், இரண்டு கம்பம் தாண்டித்தான் மீண்டும் தொடங்கும். நடுவில் பூசாரியின் கைமணி மட்டும். தப்புக்காரர்களும் அந்த இடத்தில் குச்சியைத் தாழ்த்திக்கொள்வார்கள். தேர் அந்த வாசலில் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. வழக்கமான நடையில் போகவேண்டும். பட்டாசை அதற்கு முன்பே வாங்கி லொறிக்குள் வைத்துவிடுங்கள்.

பன்சலையிலிருந்து யாராவது பூத்தட்டோடு வந்தால் மட்டும் தேரை நிறுத்தி அர்ச்சனை செய்யுங்கள். இது அடிக்கடி நடக்கும். கண்டிப் பெரஹெராவில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் சேர்ந்தே ஊர்வலம் வருகின்றன. நம் கண்ணகிதான் அவர்களுடைய பத்தினி. அரச மரத்தடியில் புத்தர் சிலை இருந்தால் அந்த மரத்தில் நம் வேப்பிலைத் தோரணத்தைக் கட்டவேண்டாம். அவர்களுடைய ஆறு நிறக் கொடிக்கு மேலே நம் கொடியை ஏற்றவும் வேண்டாம். சிலைக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்கிற பிள்ளைகளை மெதுவாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நம் அம்மனுக்கு முன்னால் யாரோ அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் அதுகளுக்கு உடனே விளங்கும்.

பேனர் அடிக்கும்போது டிசைன் செய்கிற பையன் இணையத்தில் கிடைத்த படத்தையெல்லாம் சேர்த்துவிடுவான். அச்சுக்குப் போகுமுன் பாருங்கள். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு பெண் உடுத்தியிருந்த துணியில் இருந்த கப்பல் சக்கரத்தைத் தர்மசக்கரம் என்று நினைத்து அவரைக் கைது செய்தார்கள். பாவம், அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பயம் பிடித்த காலத்தில் ஒரு படம் என்ன பாடு படுத்தும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மைக்கில் வருகிற வார்த்தை

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நம் மதத்தைத் தனியாகவும் கூட்டாகவும், வெளிப்படையாகவும் அனுசரிக்க உரிமை கொடுக்கிறது. ஆகவே தேரைப் பயந்து பயந்து இழுக்கவேண்டிய அவசியம் இல்லை. அதே நாட்டின் தண்டனைச் சட்டக் கோவை, பிறருடைய மத உணர்வைப் புண்படுத்தவேண்டும் என்றே பேசுவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. மைக் பிடிக்கிறவர் இரண்டையும் தெரிந்திருக்கவேண்டும். நம் அம்மனைப் புகழ்வதற்கு இன்னொரு சாமியின் பெயரே தேவையில்லை.

புண்படுவது வேறு மதத்தவர் மட்டுமா? எனக்கு அதிகம் வலிப்பது நம் ஆட்களுக்குள்ளேயே நடப்பதுதான். "ஏழாம் நம்பர் லயம், இன்னார், ஐநூறு ரூபா" என்று நன்கொடையை மைக்கில் வாசிக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஐயாயிரம் கொடுத்தவர் பெயருக்கு அடுத்து இருநூறு கொடுத்தவர் பெயர் வரும்போது, அந்தத் தாய் கூட்டத்தில் தலையைக் குனிவதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் அந்த இருநூறுக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாள் என்று எண்ணிப்பாருங்கள். தொகையைச் சொல்லாமல் பெயரை மட்டும் லயவாரியாக வாசியுங்கள். கொடுக்கமுடியாத வீடுகளையும் சேர்த்தே வாசியுங்கள்.

தப்பு அடிக்கிறவர்களின் பெயரை முதலில் வாசியுங்கள். விடிய விடிய அடித்துவிட்டு அவர்கள் தனியாக ஒரு மூலையில் சாப்பிடுகிற காட்சி இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அவர்களும் எல்லோரோடும் ஒரே பந்தியில்தான் உட்காரவேண்டும். இதில் எனக்குச் சமாதானப் பேச்சே கிடையாது.

கோயில் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கிற தோட்டங்களில் வேதக்காரர் (கிறிஸ்தவர்), இஸ்லாமியர் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர்களாக விரும்பிக் கொடுத்தால் வாங்கலாம்.

தேர் லயத்துக்குள் வரும்போது சில வீடுகள் கதவைச் சாத்தியிருக்கும். அதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். தட்டவும் வேண்டாம், மஞ்சள் தண்ணியை அந்த இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) ஊற்றவும் வேண்டாம்.

தட்டு கொடுப்பது

அன்போடு கொடுத்தே அடுத்தவரைச் சங்கடப்படுத்துவது இங்கேதான் நடக்கும். சாமிக்குப் படைத்ததை இஸ்லாமியர்களும் ஜெபவீட்டுக்காரர்களும் சாப்பிடமாட்டார்கள். முகத்துக்காக வாங்கி, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பார்கள். பூசைக்கு முன்பே ஒரு பழத்தட்டும் கொஞ்சம் இனிப்பும் தனியே எடுத்து வையுங்கள். கொடுக்கும்போது, "நானா, இது படைக்காதது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நோன்புக் காலமென்றால் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். பிக்குமார் மத்தியானத்துக்குப் பிறகு உணவு எடுப்பதில்லை, அதனால் பன்சலைக்குக் காலையில் கொண்டுபோங்கள், இரண்டு கையாலும் கொடுங்கள். முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுகிற குடும்பங்கள் இருந்தால் அது போயா நாளிலோ ரோட்டோரத்திலோ நடக்கக்கூடாது என்று முன்பே பேசிவையுங்கள்.

காப்புக் கட்டிய பிறகு தோட்டத்தில் சாவு விழுந்தால், எந்த மதத்து வீடாக இருந்தாலும், பிரேதம் எடுக்கும்வரை மைக்செட்டை நிறுத்துவேன். பூசை நடக்கும், பாட்டு இருக்காது. ஒரு வருடம் மூன்று நாளும் இப்படியே போனது. வாடகையைக் கமிட்டி கொடுக்க வந்தது, நான் வாங்கவில்லை.

மறுநாள் காலை

தேர் நிலைக்கு வந்த மறுநாள் யாரும் எழும்பமாட்டார்கள். நீங்கள் எழும்புங்கள். சாமி படம் போட்ட பேனர்கள் கானில் (வடிகாலில்) கிடந்து மிதிபடுமுன் கழற்றுங்கள். பள்ளிவாசல், பன்சலை, சேர்ச் வாசல்களில் நம் பூவும் தேங்காய் ஓடும் கிடந்தால் நீங்களே கூட்டிவிடுங்கள். பிறகு அதே பாதையில் ஒரு முறை நடந்து, ரோட்டோர வீடுகளில் நின்று ராத்திரி எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

போன வருடம் ஆச்சியின் வீட்டில் அவருடைய பேத்திதான் வெளியே வந்தாள். ஆச்சி போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. "நல்லாத்தான் இருந்திச்சு மாமா, ஆனா ஜெனரேட்டர் பொக எங்க ஜன்னலுக்குள்ள வந்திச்சு, பாப்பா இருமிக்கிட்டே இருந்தா" என்றாள். கொப்பியில் எழுதியிருக்கிறேன்: ஜெனரேட்டர் லொறியின் இடது பக்கம்.